உடைந்த வள்ளத்தில் ஒரு பல்லாங்குழி: பழைய மரத்தில் குடும்பமாகப் பொருள் செய்ய முழு வழிகாட்டி

நான் ஆசாரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரப்போகிற விஷயத்தில் பாதி தப்புச் செய்து தெரிந்துகொண்டது. சித்தப்பா தன் மர வள்ளத்தை விட்டு ஃபைபர் படகுக்கு மாறிய பிறகு, அந்த வள்ளம் மண்டபம் பக்கத்துக் கரையில் இரண்டு மழைக்காலம் சும்மா கிடந்தது. அப்புறம் ஒரு நாள் அதை உடைத்து விறகுக்குப் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

வந்த பலகையில் அந்த வாரமே ஒரு முக்காலி செய்தேன். வார்னிஷ் அடித்து, போட்டோ எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பியாகிவிட்டது. ஒரு மாதத்தில் வார்னிஷுக்கு அடியிலிருந்து வெள்ளையாக உப்புப் பூத்தது. ஆடிக் காற்றில் பலகை நடுவே பிளந்தது. இரும்புத் திருகு துருப்பிடித்து, அதைச் சுற்றி மை கொட்டினாற்போலக் கறுப்பு வட்டம். அப்பத்தா அதை அடுப்புக்கே அனுப்பிவிட்டார். இந்த வேலையில் அறுப்பதும் செதுக்குவதும் கொஞ்ச நேரம்தான், மரத்தை வேலைக்குத் தயாராக்குவதில்தான் முக்கால்வாசி இருக்கிறது என்பது அந்த முக்காலி போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதனால் இந்த வழிகாட்டியிலும் பாதிக்கு மேல் தயாரிப்புதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்குவது

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கமெல்லாம் அந்த நாட்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். உளுத்த பலகையைக் கழற்றிப் புதுசு போடுவார்கள், கழற்றியது குவியலாகக் கிடக்கும். பள்ளிக்கூட லீவும் அதே சமயம்தான், வீட்டில் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். மரம் சேர்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

சேர்க்க மட்டும்தான். அந்த லீவிலேயே பொருள் செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டால் என் முக்காலி கதைதான். எங்கள் கணக்கு இப்படி: சித்திரை, வைகாசியில் மரம் சேர்த்து ஆணி பிடுங்குவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்க விடுவது. தை பிறந்ததும் நிழலில் காயப்போடுவது. அடுத்த சித்திரை லீவில் வேலை. ஒரு வருசம் ஆகிறதே என்று மலைக்க வேண்டாம், அதில் கை வைத்துச் செய்கிற வேலை மொத்தமே பத்துப் பன்னிரண்டு நாள்தான் வரும்.

எந்த மரத்தை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

கரையில் கிடக்கிறது என்பதற்காக அது யாருடையதும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கவிழ்ந்து கிடக்கிற வள்ளத்துக்கும் சொந்தக்காரர் இருப்பார், கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் "விறகுக் காசு குடுத்துட்டு எடுத்துக்கப்பா" என்றுதான் சொல்வார்கள். எண்ணோ குறியீடோ போட்ட பெரிய மரம், மிதவை ஏதாவது ஒதுங்கியிருந்தால் தொடாமல் கடலோரக் காவல் படைக்குச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது தீவுகள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற 21 தீவுகளும் 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகிறவை. அங்கே ஒதுங்குகிற கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் நமக்கு இல்லை. அதேபோல, செய்த பொருளில் ஒட்டி அலங்காரம் பண்ணலாம் என்று பவளப்பாறைத் துண்டையோ கடல் விசிறியையோ பொறுக்கி வராதீர்கள். இரண்டும் 1972-ம் வருச வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி, யானை இருக்கிற அதே முதல் பட்டியலில் இருக்கின்றன. செத்து ஒதுங்கியதுதானே என்ற பேச்செல்லாம் எடுபடாது.

படகு மரத்தில் எந்த இடத்துப் பலகை என்பது முக்கியம். அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்குப் பக்கம் மேலே இருக்கிற பலகை வெயிலிலும் தூறலிலும் அடிபட்டு வெளுத்திருக்கும், பெரும்பாலும் உறுதியாக இருக்கும். உள்ளே விலா எலும்புபோல வளைந்து நிற்கிற வங்கு கெட்டியான மரம். வளைவு அதிலேயே இருப்பதால் கொக்கி, கால், கைப்பிடி செய்யத் தோதானது. குறுக்கே போட்டிருக்கிற உட்காரும் பலகை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் பெயிண்ட் இருக்காது, எண்ணெய் மட்டும்தான், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழு என்று தேய்ந்திருக்கும். தண்ணீருக்குக் கீழே இருந்த அடிப்பலகையையும், படகின் முதுகெலும்பாக அடியில் நீளமாக ஓடுகிற ஏராவையும் நான் எடுப்பதில்லை. பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கச் செம்பு கலந்த மருந்துப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், அது வீட்டுக்குள் வர வேண்டாம்.

படகு கட்டுகிற ஆசாரிகளான ஓடாவிகள் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும், உள்ளே போனது பொத்தென்று சொல்லும். நமக்கு அந்தக் காது வருகிறவரை ஒரு குத்தூசி போதும். நாலைந்து இடத்தில் குத்துங்கள், அழுத்தாமலே கால் அங்குலம் இறங்கினால் விட்டுவிடுங்கள்.

பலகையின் வெட்டு முகத்தில் சுண்ணாம்பு பூசிய குழாய்போலப் பென்சில் தடிமனுக்கு ஓட்டைகள் தெரிந்தால் அது கடலில் மரம் துளைக்கிற புழுவின் வேலை. புழு என்கிறோமே தவிர அது சிப்பி இனம், தலையில் இருக்கிற சின்ன ஓடுதான் அதற்கு ரம்பம். கரைக்கு வந்து மரம் காய்ந்துவிட்டால் அது செத்துப்போகும், வீட்டு மரத்துக்குப் பரவாது. ரொம்ப அரிக்காத துண்டாக இருந்தால் அந்த ஓட்டைகளே அலங்காரம்தான், பாரம் தாங்காத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படகு மரம் கிடைக்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் பழைய வீடு இடித்தால் கதவு, நிலை, உத்திரம் விலைக்கு வரும். ஓட்டு வீடு பிரித்தால் பனங்கை, அதாவது கூரை தாங்குகிற பனஞ்சட்டம் கிடைக்கும். காரைக்குடி வரை போகத் தயார் என்றால் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் அங்கே துண்டு மரம்கூடப் பழம்பொருள் விலைக்குத்தான் பேசுவார்கள். எங்கள் பக்கம் ஒருவர், 1964 டிசம்பர் புயலில் போன தனுஷ்கோடியின் கதவு இது என்று சொல்லி என்னிடம் இரண்டு மடங்கு கேட்டார். மரம் வேம்பு, ஆணி நேற்று அடித்ததுபோல மினுமினுத்தது.

துறைமுகத்திலிருந்து வருகிற, சரக்கு அடுக்குகிற பேலட் கட்டைகளில் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டாலும் வேண்டாம்.

ஆணி

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டிப் பலகைமேல் ஓட்டினால் இரும்பு ஆணி இருக்கிற இடத்தில் சட்டென்று ஒட்டும். எங்கள் வீட்டில் இது மூன்றாவது படிக்கிற மகனின் வேலை. ஒட்டின இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும், வட்டத்துக்கு ஒரு கடலை மிட்டாய் என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டு அப்புறம் நான்தான் கஷ்டப்பட்டேன்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வள்ளங்களில் செம்பு ஆணியும் அடித்திருப்பார்கள், செம்பு காந்தத்தில் ஒட்டாது. பலகையில் பச்சையாகவோ நீலம் கலந்தோ கறை படிந்த இடத்தைக் கண்ணால் தேட வேண்டும். அதைத் தவறவிட்டு இழைப்புளியின் தகட்டில் பல் விழுந்தது எனக்கு இரண்டு முறை.

ஆணியைத் தலைப்பக்கமாக இழுக்காதீர்கள், துருப்பிடித்த தலை கையோடு வந்துவிடும். மறுபக்கத்து முனையை நிமிர்த்தி, அதே தடிமனுள்ள ஒரு கம்பியை அதன்மேல் வைத்துத் தட்டித் தலையை ஒரு அரை அங்குலம் வெளியே தள்ளுங்கள், பிறகு குறடுக்கு அடியில் சின்னப் பலகைத் துண்டு வைத்து நெம்புங்கள். உடைந்து உள்ளேயே தங்கிவிட்டால் அந்த இடத்தை வேலையில் ஒதுக்கிவிடுங்கள், தோண்டித் தோண்டி மரத்தைக் கெடுக்க வேண்டாம். செம்பு ஆணிகளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

உப்பை இறக்குவது

கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வருசக்கணக்கில் அதில் ஊறிய மரத்தில் அது முழுக்க இறங்கியிருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் மரம் காய்ந்ததுபோலத் தெரியும், ஆனால் காயாது. பூசுகிற எண்ணெய் பிடிக்காது, ஆணியும் திருகும் அரிக்கும்.

முதலில் கெட்டி நார் பிரஷ்ஷால் மண்ணும் பாசியும் போகத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் இரண்டு வழி. பொறுமை இருந்தால் மொட்டை மாடியிலோ கொல்லையிலோ செங்கல்மேல் சரிவாக நிறுத்தி வைத்துவிடுங்கள், வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும். நம் பக்கம் வருசத்து மழையில் பெரும்பங்கு அப்போதுதான் பெய்கிறது. இரண்டு பலகைக்கு நடுவே தண்ணீர் ஓட இடம் இருக்கட்டும், பத்து நாளுக்கு ஒரு முறை புரட்டிப் போடுங்கள்.

அவசரம் என்றால், அதுவும் ஒரு அங்குலத்துக்குள் இருக்கிற பலகை என்றால், தொட்டியில் ஊறப்போடலாம். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றி, மூன்று வாரம். இதில் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு ஒரு சங்கடம், நம் கிணற்றுத் தண்ணீரே உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து நான் தொட்டியில் ஊற்றியபோது அப்பத்தா, "குடிக்கிற தண்ணியில மரத்தைக் குளிப்பாட்டுறியாடா?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. முதல் நாலைந்து முறை கிணற்றுத் தண்ணீரே போதும், என்ன உப்பாக இருந்தாலும் கடலைவிட எத்தனையோ மடங்கு குறைவுதான். கடைசி இரண்டு முறைக்கு மட்டும் கோடை மழையில் பிடித்த தண்ணீரோ, இரண்டு குடம் நல்ல தண்ணீரோ போதும். ஆர்.ஓ. மிஷினிலிருந்து கழிவாக வருகிற தண்ணீர் மிச்சமாகிறதே என்று அதை ஊற்றிவிடாதீர்கள், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

உப்பு இறங்கிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? ஊறின தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் வையுங்கள். பக்கத்தில் ஊற்றுவதற்கு முன்னால் இருந்த தண்ணீரிலும் ஒரு கரண்டி. இரண்டும் வற்றிய பிறகு வெள்ளைப் படிவு ஒரே அளவில் இருந்தால் முடிந்தது. மரத்தை நக்கிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு, பழைய பெயிண்ட் இருந்த மரத்தை நக்க வேண்டாம்.

மழை இன்னொரு உபகாரமும் செய்யும். மர வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள், அந்த வாடை ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தால்தான் அடங்கும். எங்கள் முதல் பலகைகளைச் சுற்றித் தெருப் பூனையெல்லாம் இரண்டு மாதம் காவல் இருந்தது.

காய வைப்பது

வெயிலில் போடாதீர்கள். மேல்பக்கம் மட்டும் வேகமாகச் சுருங்கிப் பிளக்கும். காற்றோட்டமான நிழலில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே தடிமனுள்ள ரீப்பர் துண்டுகளை, கீழிருந்து மேல்வரை நேர்க்கோட்டில் வருகிற மாதிரி வைத்து அடுக்குங்கள். மேலே பாரமாக நாலு ஹாலோ பிளாக். பலகையின் இரண்டு வெட்டு முகங்களிலும் உருக்கிய மெழுகோ மிச்சமான பெயிண்டோ பூசிவிடுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் அவசரமாக ஓடும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும்.

எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மீன் எடை போடுகிற கொக்கித் தராசு உதவுகிறது. ஒரு பலகையில் கயிறு கட்டி ஞாயிற்றுக்கிழமைதோறும் தூக்கிப் பார்த்து, தேதியும் எடையும் சுவரில் எழுதுவது ஏழாவது படிக்கிற மகளின் பொறுப்பு. முதலில் வாரா வாரம் குறையும். மூன்று வாரம் தொடர்ந்து ஒரே எடை காட்டினால் அந்த மரம் நம் ஊர்க் காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டும் கரையானும்

காய்கிற காலத்தில் அடுக்குக்குக் கீழே கறுப்புத் துணி விரித்து வையுங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் துணியில் மைதா மாவுபோலத் தூளும் தெரிந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. ஓட்டை இருந்து தூள் கொட்டாவிட்டால் அது பழைய கதையாக இருக்கலாம், இன்னும் சில மாதம் கவனியுங்கள். வெட்டு முகத்தில் மண் பூசின வழி தெரிந்தால் கரையான், அந்தப் பலகையை மற்றதிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

மருந்து: ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெண்காரமும் (போராக்ஸ்) 20 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பெயிண்ட் இல்லாத காய்ந்த மரத்தில் இரண்டு மூன்று முறை நன்றாக ஊறப் பூசுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டும், வாயில் போனால் இது விஷம். சாப்பாடு படுகிற பொருளுக்கு இந்த மரத்தைப் பயன்படுத்த வேண்டாம். குழந்தைகள் கையில் புழங்கப் போகிறது என்றாலும் வண்டு இல்லாத வேறு பலகையைத் தேடிக்கொள்ளுங்கள்.

பெயிண்ட், தூசி: இதில் விளையாட்டு இல்லை

வீடுகளுக்கு அடிக்கிற பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த பெயிண்டில், அதுவும் படகுப் பெயிண்டில், எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பழைய பெயிண்ட் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உப்புத்தாள் போட்டுக் காய்ந்த பெயிண்டைத் தேய்க்கக் கூடாது, தீ காட்டி உரிக்கக் கூடாது. ஈரமாக்கிக்கொண்டு சுரண்டி, சுரண்டினதைச் சாக்கில் விழ வைத்து, கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகள் அந்த நேரத்தில் அந்தப் பக்கமே வரக்கூடாது.

ஆனால் அந்த வெளுத்த நீலமும் பச்சையும்தான் அழகு என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமானால், உரிகிற செதில்களை மட்டும் ஈரத்துணியால் எடுத்துவிட்டு, நிறமில்லாத பாலியூரிதேன் மூன்று பூச்சு கொடுத்து மூடிவிடுங்கள். சுவரில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுகிற பொருளுக்கு மட்டும் இது.

மரத்தூளும் லேசுப்பட்டது இல்லை. அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இழைக்கும்போதும் தேய்க்கும்போதும் என்95 முகக்கவசம் போடுங்கள், கச்சான் காற்று வீசுகிற நாளில் காற்று பக்கவாட்டில் போகிற மாதிரி நின்று வேலை செய்யுங்கள்.

பல்லாங்குழி செய்யும் விதம்

சித்தப்பா உட்கார்ந்து வலை இழுத்த அந்தக் குறுக்குப் பலகையில்தான் செய்தோம். நீளம் 480 மில்லிமீட்டர், அகலம் 160, தடிமன் 40. தடிமன் 35-க்குக் கீழே போனால் குழிக்கு ஆழம் கிடைக்காது.

மேல்பக்கத்தை முழுக்க இழைத்துப் புதுசாக்கிவிடாதீர்கள். அடிப்பக்கத்தை மட்டமாக இழைத்து, மேலே சிராய் ஏறாத அளவுக்கு மட்டும் 80, 120, 180 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்த்தால் போதும். தேய்ந்த வழுவழுப்பும் பழைய ஆணி ஓட்டையும் தங்கட்டும்.

குறிப்பது மகள். பலகையின் இரண்டு நீள ஓரங்களிலிருந்தும் 45 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இரண்டு கோடு. இடது முனையிலிருந்து 54 மில்லிமீட்டரில் முதல் புள்ளி, பிறகு 62 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஆறு புள்ளிகள். ஆக வரிசைக்கு ஏழு, மொத்தம் 14. காம்பஸை 24-க்கு விரித்து ஒவ்வொரு புள்ளியிலும் வட்டம் போட்டால் 48 மில்லிமீட்டர் அகலக் குழி வரும், இரண்டு குழிக்கு நடுவே 14 மில்லிமீட்டர் சுவர் நிற்கும். ஆணி ஓட்டை ஏதாவது குழியின் விளிம்பில் வருகிறதா என்று வெட்டுவதற்கு முன்னாலேயே பாருங்கள். வந்தால் பலகையைத் திருப்பி வைத்தோ, எல்லாப் புள்ளியையும் சேர்த்து ஐந்து மில்லிமீட்டர் நகர்த்தியோ சரி செய்யலாம்.

குழி தோண்ட உளியை மட்டும் நம்பினால் முதல் இரண்டு குழியிலேயே பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். சமையலறை அலமாரிக்கு ஆட்டோ ஹிஞ்ச் போடுவதற்கு ஆசாரிகள் வைத்திருக்கிற 35 எம்எம் பிட் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். டிரில்லில் அதை மாட்டி, 15 மில்லிமீட்டர் ஆழத்துக்கு பிட்டின்மேல் டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, பலகையை இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகு தோண்டுங்கள். இதைப் பெரியவர்தான் செய்ய வேண்டும். மகள் டிரில்லைப் பிடிக்க ஆசைப்பட்டபோது என் கைக்குமேல் கை வைக்கச் சொல்லிக் கடைசி இரண்டு குழியை விட்டுக்கொடுத்தேன், முடியைக் கட்டி, கண்ணாடி போட்ட பிறகு. வேகம் மெதுவாகவே இருக்கட்டும், பழைய மரம் கெட்டியாக இருக்கும், அவசரப்பட்டால் புகை வரும், குழியின் சுவர் கருகும்.

இப்போது நேர்ச்சுவர் உள்ள 14 பள்ளம் இருக்கும். குழிவான உளியை வட்டக் கோட்டில் சாய்வாக வைத்து, கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி, வெளியிலிருந்து நடுவை நோக்கிச் சீவிக்கொண்டே வாருங்கள். மர ஓட்டத்துக்கு எதிராகப் போகும்போது பிய்த்துக்கொண்டு வரும், உடனே நிறுத்தி மறுபக்கத்திலிருந்து வாருங்கள். ஒவ்வொரு குழியிலும் இரண்டு பக்கம் சுகமாகப் போகும், இரண்டு பக்கம் முரண்டு பிடிக்கும். இது கைக்குப் பிடிபட ஐந்தாறு குழி ஆகும், அதனால் முதலில் ஒரு கழிவுத் துண்டில் இரண்டு போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி ஆழம் 20 மில்லிமீட்டர், அடியில் இன்னொரு 20 மிச்சம். ஆழத்தைப் பார்க்க ஒரு ஐஸ் குச்சியில் கோடு போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஒரு ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி, அதன்மேல் உப்புத்தாளைச் சுற்றிக் குழிக்குள் வைத்துத் திருகுங்கள். இது மகன் வேலை, முகக்கவசத்தோடு. 14 குழிக்கு அவனுக்கு ஐந்து நாள் ஆனது, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, எங்கே இன்னும் மேடு இருக்கிறது என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டான்.

காலுக்கு வங்கிலிருந்து இரண்டு துண்டு அறுத்து, அடியில் குறுக்காகத் திருகினோம். இங்கே ஒரு நுணுக்கம். மரம் நீளவாக்கில் அனேகமாக அசையாது, அகலவாக்கில் வாடைக்கால ஈரத்துக்கு விரியும், அக்னி நட்சத்திரத்துக்குச் சுருங்கும். குறுக்குக் கட்டையை இரண்டு பக்கமும் இறுக்கித் திருகிவிட்டால் பலகை அசைய வழியில்லாமல் பிளக்கும். கட்டையில் ஒரு ஓட்டையை வட்டமாகவும் இன்னொன்றை நாலைந்து மில்லிமீட்டர் நீளவாட்டாகவும் போடுங்கள், அந்த இடைவெளியில் திருகு நகர்ந்துகொள்ளும்.

திருகு பித்தளையாக இருக்கட்டும். கடலோரத்தில் சாதாரண எவர்சில்வர் திருகிலும் பழுப்புப் புள்ளி விழுகிறது, 316 ரக எவர்சில்வர் என்று கேட்டு வாங்கினால் தாங்கும். பித்தளை மென்மையானது, முறுக்கினால் கழுத்து அறுந்துவிடும். அதனால் முதலில் சரியான அளவில் ஓட்டை போட்டு, அதே அளவு இரும்புத் திருகை ஒரு முறை ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, பிறகு பித்தளைத் திருகில் சோப்புத் தடவி ஏற்றுங்கள்.

காய்க்குப் புளியங்கொட்டையோ சோழியோ. குழிக்கு ஐந்து என்றால் 70 வேண்டும். குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உடைந்த விதையைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அது வேண்டாம்.

சாவிப் பலகை, முக்காலி, அரிவாமனை

முதல் தடவை செய்கிறவர்கள் பல்லாங்குழியில் கை வைக்காமல் சாவிப் பலகையில் தொடங்கலாம். பெயிண்ட் உள்ள மேல்பலகையில் ஒன்றரை அடித் துண்டு. எடுத்து வைத்த செம்பு ஆணிகளை விறகடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு இளகிவிடும், குறடால் நினைத்தபடி வளைக்கலாம். அளவாக ஓட்டை போட்டு உள்ளே தட்டினால் கொக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. கொக்கிகளை ஒரே வரிசையில் வைக்காமல் மரத்தில் பழைய ஆணி இருந்த ஓட்டைகளிலேயே வைத்தது என் மனைவியின் யோசனை, மேலும் கீழுமாக மீன் கூட்டம் போவதுபோல இருக்கிறது.

முக்காலிக்குப் பனங்கை கால் நல்லது. பனையில் வெளிப்பக்கக் கறுப்பு வைரம்தான் பாரம் தாங்கும், உள்ளே பஞ்சுமாதிரி இருக்கும், அது வேண்டாம். அறுக்கும்போது ஊசிபோலச் சிராய் கிளம்பும், கெட்டியான கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உட்காரும் பலகையில் மூன்று ஓட்டை, வெளிப்பக்கம் சுமார் 15 டிகிரி சாய்வாக. காலின் தலையைப் பிளந்து ஓட்டையில் ஏற்றி மேலிருந்து ஆப்பு அடியுங்கள். ஆப்பு, பலகையின் மர ஓட்டத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும், அதே வாக்கில் அடித்தால் ஆப்பே பலகையைப் பிளந்துவிடும். மூன்று கால் என்பதால் நம் மேடு பள்ளத் திண்ணையிலும் ஆடாது.

அரிவாமனைக் கட்டைக்குப் படகு மரம் கூடவே கூடாது. மீனும் காய்கறியும் படுகிற இடம், பழைய எண்ணெயும் பெயிண்டும் எங்கே எவ்வளவு இறங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டு மரத்தில் கிடைத்த புளியோ வேம்போ எடுத்து, எதுவும் பூசாமல், கழுவிக் கழுவி நிழலில் காய வைத்துப் புழங்குங்கள்.

எண்ணெய் பூசுவது

வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய் எனக்குப் பிடிக்கும், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, சீக்கிரம் உலர்கிற ரகத்தில் உலோக உப்பு சேர்த்திருப்பார்கள். எதுவும் சேர்க்காத பச்சை எண்ணெயில் அது இல்லை, ஆனால் ஒரு பூச்சு உலர வாரக்கணக்கில் ஆகும். பல்லாங்குழிக்குப் பச்சையையே எடுத்தோம். மெல்லிசாகப் பூசி, 20 நிமிடம் விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுவென்று தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். மூன்று பூச்சு போதும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பூசலாமே என்று கேட்பார்கள், இரண்டும் சரியாக உலராது, சிக்கு வாடை அடிக்கும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயப்போட்டு, பிறகு குப்பையில் சேருங்கள். வருசத்துக்கு ஒரு முறை, வாடைக்காலம் முடிந்து தை வெயில் வந்ததும் ஒரு கைப்பிடித் துணியால் லேசாக ஒரு பூச்சு, அதுதான் பராமரிப்பு.

இவ்வளவு பார்த்துச் செய்தும் எங்கள் பல்லாங்குழியில் முதல் கோடையிலேயே ஆறாவது குழிக்குக் குறுக்கே முடி அளவுக்கு ஒரு கோடு விழுந்தது. காலின் திருகைத் தளர்த்திப் பார்த்தேன், நீளவாட்டு ஓட்டையில் மரத்தூள் அடைத்து இறுகிப்போயிருந்தது. சுத்தம் செய்த பிறகு கோடு அதற்குமேல் போகவில்லை. குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி, சித்தப்பாவே வந்து, வள்ளத்தின் பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்துப் பார்க்கிற மாதிரி ஒரு குச்சியால் வைத்து அடைத்தார். குழிக்குள் மஞ்சளாக ஒரு வரி மினுங்குகிறது. அந்தக் குழியில்தான் பசு (குழியில் நாலு காய் சேர்வது) நிறைய விழுகிறது என்று மகன் எப்போதும் அந்தப் பக்கமே உட்காருகிறான், மகளுக்கும் அவனுக்கும் தினமும் அதற்குத்தான் சண்டை.